நுரையீரல் புற்றுநோயில் மரபணுக்களின் வெளிப்பாடு எப்படி மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ரிப்போர்ட்ல டி.டி.எஃப்-1 பாசிட்டிவ்னு இருக்கே, அது நல்லதா கெட்டதா?" "பி.டி.-எல்1 60 சதவீதமாம், அப்படின்னா நோய் பாதிக்கு மேல பரவிடுச்சா?" நுரையீரல் திசுக்களை வைத்து ஆய்வகத்தில் வேலை செய்தவன் என்பதால், இப்படிப்பட்ட கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்பவர்கள் பயந்துபோய்க் கேட்கிறார்கள். அந்தப் பயத்தில் பாதி, அந்தச் சொற்களை யாரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்லாததால் வருவது. அதனால்தான் இந்தப் பக்கம். நான் மருத்துவன் அல்ல. சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்பதற்கு இது உதவலாம்.

மரபணு வெளிப்பாடு என்றால் என்ன?

நம் உடலில் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது. புரதம் செய்யும் மரபணுக்கள் அதில் சுமார் 20,000. ஈரல் செல்லிலும் அதே 20,000, நுரையீரல் செல்லிலும் அதே 20,000. ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு. எந்தச் செல்லில் எந்த மரபணு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

நுரையீரலின் காற்றுச் சிற்றறைகளில் 'இரண்டாம் வகைச் செல்' என்று ஒன்று உண்டு. மூச்சை வெளியே விடும்போது சிற்றறைகள் ஒட்டிச் சுருங்கிவிடாமல் காக்கும் வழவழப்பான திரவத்தை அதுதான் சுரக்கிறது. அந்தத் திரவத்துக்கான ஒரு புரதத்தின் மரபணு, எஸ்.எஃப்.டி.பி.சி., இந்தச் செல்லில் ஓயாமல் படிக்கப்படுகிறது. ஈரல் செல்லிலும் அதே மரபணு இருக்கிறது, ஆனால் வாயே திறப்பதில்லை. ஒரு மரபணு படிக்கப்பட்டு, ஆர்.என்.ஏ. நகலாக எடுக்கப்பட்டு, அதிலிருந்து புரதம் உருவாவதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். எத்தனை நகல், எப்போது, எந்தச் செல்லில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிறழ்வும் வெளிப்பாட்டு மாற்றமும் ஒன்றுதானா?

இல்லை. ஆனால் இரண்டையும் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள், சில சமயம் செய்தித்தாள்கள்கூட.

பிறழ்வு என்பது எழுத்து மாறுவது. கே-ராஸ் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால், அதன் புரதத்தில் 12-வது இடத்திலிருக்கும் அமினோ அமிலம் மாறிவிடுகிறது. 'வளர், பிரி' என்ற உத்தரவை அந்தப் புரதம் பிறகு நிறுத்துவதே இல்லை. வெளிப்பாட்டு மாற்றத்தில் எழுத்து அப்படியே இருக்கலாம், படிக்கப்படும் அளவு மட்டும் மாறும். பி16 என்ற புரதம் செல் பிரிவதற்கான ஒரு பிரேக். நுரையீரல் புற்றுநோய் பலவற்றில் இந்த பி16 மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற சிறு வேதிக்குறிகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. ஆனாலும் செல்லால் அதைப் படிக்க முடியாது. பிரேக் இருந்தும் இல்லாத நிலை.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. எனக்கு இதில் இன்னும் வியப்பு தீரவில்லை. ஆல்க் என்ற மரபணு நரம்பு மண்டலம் உருவாகும் காலத்தில் வேலை செய்வது. வளர்ந்த மனிதரின் நுரையீரலில் அது கிட்டத்தட்ட முழு மௌனம். சிலருக்கு 2-வது குரோமோசோமில் ஒரு துண்டு அறுந்து, தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொள்கிறது. அப்போது ஆல்க் மரபணு, ஈ.எம்.எல்.4 என்ற இன்னொரு மரபணுவோடு இணைந்துவிடுகிறது. நுரையீரலில் எப்போதும் திறந்திருக்கும் ஈ.எம்.எல்.4-இன் கட்டுப்பாட்டுப் பகுதி, தூங்கிக்கொண்டிருந்த ஆல்க்கையும் எழுப்பிவிடுகிறது. ஜப்பானில் ஹிரோயுகி மானோவின் குழு இதை 2007-இல் வெளியிட்டது. சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுநோயில் (நுரையீரல் புற்றுநோயில் பெரும்பாலானது இந்த வகைதான்) 3 முதல் 5 சதவீதம் பேருக்குத்தான் இது இருக்கிறது. ஆனால் நான்கே ஆண்டுகளில், 2011-இல், அதைத் தடுக்கும் கிரிசோடினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நுரையீரல் கட்டியில் ஆல்க் புரதம் அழுத்தமாகத் தெரிந்தால் அதுவே பெரிய துப்பு, ஏனென்றால் அது அங்கே இருக்கவே கூடாது.

புகை ஒரு செல்லுக்குள் போய் என்னதான் செய்கிறது?

இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சிகரெட் புகையில் பென்சோபைரீன் என்ற பொருள் இருக்கிறது. அது மூச்சுக்குழாய்ச் செல்லுக்குள் நுழைந்ததும், அந்நியப் பொருட்களை மோப்பம் பிடிக்கும் ஓர் உணர்விப் புரதம் விழித்துக்கொள்கிறது. உடனே சிப்1ஏ1, சிப்1பி1 என்ற மரபணுக்களின் வெளிப்பாடு பல மடங்கு ஏறுகிறது. இவை செய்யும் நொதிகளின் வேலை, வந்த நச்சை உடைத்து வெளியேற்ற வழிசெய்வது. நல்ல நோக்கம்தான். ஆனால் பென்சோபைரீனை உடைக்கும் வழியில் அதைவிட ஆபத்தான ஒரு பொருள் உருவாகி, டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது. செல் தன்னைக் காத்துக்கொள்ள எடுத்த நடவடிக்கையே அதற்கு வினையாகிறது. இந்தப் பொருள், செல்லுக்குக் காவலாக இருக்கும் பி53 மரபணுவில் எந்தெந்த இடங்களில் ஒட்டுகிறது என்று 1996-இல் வரைபடம் போட்டுப் பார்த்தார்கள். புகைப்பவர்களின் கட்டிகளில் பி53 அடிக்கடி பழுதாகும் அதே இடங்கள்.

2016-இல் வந்த ஒரு கணக்கு: தினம் ஒரு பாக்கெட் வீதம் ஓராண்டு புகைத்தால், நுரையீரல் செல் ஒவ்வொன்றிலும் சராசரியாக 150 பிறழ்வுகள் சேர்கின்றன.

இது எழுத்துகளின் கதை. வெளிப்பாட்டின் கதை கூடவே நடக்கிறது. சளிக்கான மரபணுக்கள் ஏறுகின்றன, அதனால்தான் அந்தக் காலை இருமல். தூசியை மேலே தள்ளும் நுண்மயிர்களுக்கான மரபணுக்கள் இறங்குகின்றன. அடித்தளச் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. நாளடைவில் மூச்சுக்குழாயின் உள்சுவர் தன் இயல்பை விட்டு, தோல் போன்ற தட்டையான செல்களாக மாறத் தொடங்குகிறது. தோலில் இருக்க வேண்டிய கெராட்டின் புரதங்கள் மூச்சுக்குழாயில் தென்படும். இது இன்னும் புற்றுநோய் அல்ல. ஆனால் ஸ்குவாமஸ் வகைப் புற்றுநோய் இந்தப் பாதையில்தான் வருகிறது.

கட்டி ஓர் இடத்தில்தானே இருக்கிறது? மற்ற இடமெல்லாம் நன்றாகத்தானே இருக்கும்?

அப்படித்தான் தோன்றும். ஆனால் புகை ஓர் இடத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போவதில்லை, மூச்சுப் பாதை முழுவதையும் தொடுகிறது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவ்ரம் ஸ்பைராவின் குழு இதை வைத்து ஒரு சோதனை செய்தது. நுரையீரலின் ஓரத்தில் சந்தேகத்துக்குரிய கட்டி உள்ளவர்களின் பெரிய மூச்சுக்குழாயிலிருந்து, அதாவது கட்டிக்குத் தொலைவில் இருக்கும் இடத்திலிருந்து, சிறிய பிரஷ் ஒன்றால் செல்களைத் தேய்த்து எடுத்தார்கள். பார்வைக்கு அவை சாதாரணச் செல்கள். ஆனால் 80 மரபணுக்களின் வெளிப்பாட்டைச் சேர்த்துப் பார்த்தபோது, புற்றுநோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் பெருமளவு பிரித்துக்காட்ட முடிந்தது. 2007-இல் வெளியான ஆய்வு இது. பிறகு மூக்கின் உள்சுவர்ச் செல்களிலும் இதே போன்ற சாயல் இருப்பதைக் கண்டார்கள்.

புகைப்பதை நிறுத்தினால் இந்த மாற்றங்கள் திரும்புமா?

பெரும்பகுதி திரும்பும். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "முப்பது வருஷம் பிடிச்சாச்சு, இனி நிறுத்தி என்ன ஆகப்போகுது" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு.

நச்சை உடைக்கும் நொதிகள், சளி தொடர்பான மரபணுக்கள் போன்றவை நிறுத்திய சில ஆண்டுகளுக்குள் புகைக்காதவரின் அளவை நெருங்கிவிடுகின்றன. ஒரு சிறு தொகுதி மட்டும் பல ஆண்டுகள் ஆனாலும் பழைய நிலைக்கு வருவதில்லை. முன்னாள் புகைப்பழக்கமுள்ளவருக்கு ஆபத்து குறைந்தாலும் முழுதாகப் போகாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

2020-இல் இன்னொரு செய்தி வந்தது. மூச்சுக்குழாய்ச் செல்களை ஒவ்வொன்றாக வளர்த்து டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்தார்கள். புகைத்தவர்களிலும் சில செல்கள் பிறழ்வுகள் அதிகம் சேராமல் தப்பித்திருந்தன. புகைப்பதை நிறுத்தியவர்களிடம் அப்படிப்பட்ட செல்களின் பங்கு, தொடர்ந்து புகைப்பவர்களைவிட நான்கு மடங்கு இருந்தது. சில பேரிடம் 40 சதவீதம் வரை. பழுதான செல்கள் தாமாகச் சரியாகிவிடவில்லை. எங்கோ ஒதுங்கி இருந்த நல்ல செல்கள் பெருகி, உள்சுவரைப் புதுப்பிக்கின்றன என்றே தெரிகிறது.

புகையே பிடிக்காதவர்களுக்கு ஏன் வருகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் குரலில் ஒரு வேதனை இருக்கும். வீட்டில் யாரும் புகைக்க மாட்டார்கள், ஆனாலும் வந்திருக்கும். அவர்களை "நிஜமாகவே பிடித்ததில்லையா?" என்று யாரும் துருவித் துருவிக் கேட்காமல் இருந்தால் நல்லது.

புகைக்காதவர்களின் அடினோகார்சினோமாவில், அதாவது சுரக்கும் செல்களின் சாயல் கொண்ட புற்றுநோய் வகையில், அடிக்கடி தென்படுவது இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவின் பிறழ்வு. 2004-இல் இது கண்டறியப்பட்டது. கிழக்காசியர்களிடமும் பெண்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. சரி, அந்தப் பிறழ்வு எப்படிக் கட்டியாகிறது? இதற்கு 2023-இல் லண்டனில் சார்ல்ஸ் ஸ்வான்டனின் குழு தந்த பதில், நான் பிறழ்வைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்ததையே மாற்றியது.

புற்றுநோய் இல்லாத நுரையீரல் திசு மாதிரிகளை அவர்கள் மிக நுட்பமாகப் படித்தார்கள். 18 சதவீத மாதிரிகளில் இ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வும், 53 சதவீதத்தில் கே-ராஸ் பிறழ்வும் ஏற்கெனவே இருந்தன. மிகச் சில செல்களில் மட்டும், சத்தமில்லாமல். அப்படியானால் பிறழ்வு மட்டுமே போதாது. எலிகளில் பி.எம். 2.5 என்னும் நுண்தூசியைச் செலுத்திப் பார்த்தபோது மீதிக் கதை தெரிந்தது. தூசியை விழுங்க வரும் நோயெதிர்ப்புச் செல்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிச் சைகையை வெளியிடுகின்றன. அந்தச் சைகை, பிறழ்வைச் சுமந்துகொண்டு சும்மா இருந்த இரண்டாம் வகைச் செல்லின் வெளிப்பாட்டை மாற்றி, முன்னோடிச் செல் போன்ற பெருகும் நிலைக்குத் தள்ளுகிறது. அந்தச் சைகையைத் தடுத்தபோது எலிகளில் கட்டி உருவாவது குறைந்தது. தூசி புதிதாகப் பிறழ்வை உண்டாக்கவில்லை, தூங்கியதை எழுப்பியது. காற்று மாசைப் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2013-இலேயே அறிவித்துவிட்டது. ஆனால் செல்லுக்குள் நடக்கும் வழி இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது பத்தாண்டுகள் கழித்துத்தான்.

புற்றுக்கு முந்தைய நிலை கண்டுபிடிக்கப்பட்டால் புற்றுநோய் வந்தே தீருமா?

கட்டாயமில்லை. மூச்சுக்குழாயின் உள்சுவருக்குள்ளேயே அடங்கியிருக்கும் 'இடத்திலேயே உள்ள புற்று' நிலையைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. அந்தத் திட்டுகளில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று, சிகிச்சை இல்லாமலே பின்வாங்கின. நுண்ணோக்கியில் பார்த்தால் பின்வாங்கப்போவதும் முன்னேறப்போவதும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் மரபணு வெளிப்பாட்டிலும் மெத்தில் குறிகளிலும் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. முன்னேறுபவற்றில் குரோமோசோம்களின் குழப்பம் அதிகம்.

இதில் நோயெதிர்ப்பு மண்டலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டி சுவரை உடைத்து வெளியேறும் முன்பே, நோயெதிர்ப்புச் செல்களிடமிருந்து ஒளியும் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

பி.டி.-எல்1 60 சதவீதம் என்றால்?

நோய் 60 சதவீதம் பரவிவிட்டது என்று அர்த்தம் இல்லை. இல்லவே இல்லை.

பி.டி.-எல்1 என்பது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். தாக்க வரும் டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லிடம் 'நிறுத்து' என்று சொல்வது அதன் வேலை. புற்றுச் செல்கள் பல சமயம் இதன் வெளிப்பாட்டைக் கூட்டிக்கொண்டு தப்பிக்கின்றன. பயாப்ஸியில் இருக்கும் புற்றுச் செல்களில் 100-க்கு எத்தனை இதைக் காட்டுகின்றன என்பதுதான் அந்த எண். 50 அல்லது அதற்கு மேல் இருந்தால், இம்யூனோதெரபி, அதாவது நோயெதிர்ப்புச் செல்களைக் கட்டிக்கு எதிராக ஏவும் சிகிச்சை, மட்டுமே தரலாமா என்று மருத்துவர் யோசிப்பார். அந்த வகையில் எண் கூடுதலாக இருப்பது சிகிச்சை வாய்ப்பை விரிக்கலாம். இ.ஜி.எஃப்.ஆர். அல்லது ஆல்க் மாற்றம் இருந்தால் கணக்கு வேறு. அவர்களுக்கு எண் அதிகமாக இருந்தாலும் இம்யூனோதெரபி பொதுவாகக் குறைவாகவே பலன் தருகிறது. அதனால் எல்லா முடிவுகளும் வரும்வரை காத்திருந்து தொடங்குவது பல சமயம் நல்லது.

டி.டி.எஃப்-1 பாசிட்டிவ் என்றால்?

கட்டி எங்கிருந்து வந்தது என்பதற்கான அடையாளச் சீட்டு அது. நுரையீரல் செல்லை நுரையீரல் செல்லாக வைத்திருக்கும் மரபணு ஒன்றின் புரதம். கண்ணாடித் துண்டில் மெல்லிய திசுச் சீவல், அதன்மேல் அந்தப் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), அப்புறம் நிறமேற்றுதல். நுண்ணோக்கியில் பார்த்தால் புரதம் இருக்கும் செல்களின் உட்கருக்கள் பழுப்பாகவும், இல்லாதவை நீலமாகவும் தெரியும். கட்டிச் செல்கள் பழுப்பாக இருந்தால், பெரும்பாலும் நுரையீரலில் தொடங்கிய அடினோகார்சினோமா. தைராய்டிலும் இந்தப் புரதம் உண்டு என்பதால் மற்ற குறிகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பி40 என்ற இன்னொரு புரதம் பழுப்பாக இருந்தால் ஸ்குவாமஸ் பக்கம். பாசிட்டிவ் என்ற சொல்லைப் பார்த்துப் பதற வேண்டாம்.

சிறுசெல் வகை ஏன் தனியாகப் பேசப்படுகிறது?

அதன் இயல்பே வேறு. நுரையீரல் புற்றுநோயில் சுமார் 15 சதவீதம் இது. பி53, ஆர்.பி.1 என்ற இரண்டு காவல் மரபணுக்களும் கிட்டத்தட்ட எல்லாருக்கும் செயலிழந்திருக்கும். செல்கள் நரம்புச் செல் போன்ற மரபணுக்களைத் திறந்து வைத்திருக்கும். அதில் ஒன்று டி.எல்.எல்.3. சாதாரணச் செல்களின் மேற்பரப்பில் இது தென்படுவதே அரிது, சிறுசெல் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு டி செல்லை அருகே இழுத்துவரும் டார்லாடமாப் என்ற மருந்துக்கு 2024-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பல ஆண்டுகள் புதிய மருந்து அதிகம் இல்லாமல் கிடந்த நோய் இது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று ஒன்று சொல்கிறார்களே?

ஆர்.என்.ஏ. நகல் எடுத்த பிறகும், அது புரதமாகாமல் தடுக்கும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ.க்கள். இவற்றைக் கண்டுபிடித்ததற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது. லெட்-7 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ., ராஸ் புரதத்தை அடக்கி வைக்கிறது. பல நுரையீரல் கட்டிகளில் லெட்-7 குறைந்திருக்கும்.

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்? நம்பலாமா?

ஆர்.என்.ஏ. மிகவும் சொகுசானது. அதைச் சிதைக்கும் நொதி நம் விரல் நுனியிலேயே இருக்கிறது. கையுறை இல்லாமல் குழாயைத் தொட்டால் மாதிரி போச்சு. அறுவை அறையிலிருந்து வந்த திசு உறையவைக்கப்படாமல் மேசையில் கிடந்தால், வெளிப்பாடு அந்த நேரத்துக்குள்ளேயே மாறத் தொடங்கிவிடும். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் ஓடிய நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

இன்னொரு சிக்கல் எண்களைப் படிப்பதில் இருக்கிறது. கட்டித் துண்டில் புற்றுச் செல் மட்டும் இருப்பதில்லை. ரத்தநாளம், நோயெதிர்ப்புச் செல், நார்த்திசு எல்லாம் கலந்திருக்கும். மொத்தமாக அரைத்து அளந்தால், ஒரு மரபணு 'ஏறியிருக்கிறது' என்பது புற்றுச் செல்லில் ஏறியதாலா, அந்தத் துண்டில் நோயெதிர்ப்புச் செல் கூடுதலாக இருந்ததாலா என்று தெரியாது. செல் ஒவ்வொன்றாகப் படிக்கும் முறை வந்த பிறகுதான் இது தெளிந்தது. பழைய ஆய்வுகளில் 'இந்த மரபணு புற்றுநோயில் ஐந்து மடங்கு' என்று பார்த்தால், எந்தச் செல்லில் என்று கேளுங்கள்.

அப்படியானால் ஒரு மரபணு டெஸ்ட் எடுத்து முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாமே?

எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் இன்றைக்கு உயிரைக் காப்பதாக நிரூபிக்கப்பட்ட முன்பரிசோதனை, குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன்தான். அமெரிக்காவில் நீண்ட காலம் அதிகம் புகைத்தவர்களிடம் செய்து 2011-இல் வெளியான பெரிய ஆய்வில், மார்பு எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. வெளிப்பாட்டுப் பரிசோதனைகள் அதன் இடத்தைப் பிடிக்கவில்லை. ஸ்கேனில் தெரிந்த கட்டி சந்தேகத்துக்குரியதா என்று முடிவெடுக்க உதவும் துணையாகவே வளர்ந்துவருகின்றன.

இது என் பிள்ளைகளுக்கும் போகுமா?

கட்டியில் தெரியும் மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை வாழ்நாளில் அந்த நுரையீரல் செல்லில் மட்டும் ஏற்பட்டவை. கருமுட்டையிலோ விந்திலோ அவை இருப்பதில்லை, அதனால் பிள்ளைகளுக்குப் போகாது. பிறப்பிலேயே பிறழ்வோடு வரும் குடும்பங்கள் உண்டு, ஆனால் அரிது.

ஒரு தடவை பயாப்ஸி எடுத்தாச்சு. மறுபடியும் ஏன் கேட்கிறார்கள்?

மருந்து கொடுத்த பிறகு கட்டி பழைய கட்டியாக இருப்பதில்லை. இ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வுக்குத் தரப்படும் கெஃபிடினிப், எர்லோடினிப் போன்ற மாத்திரைகள் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ நன்றாக வேலை செய்து, பிறகு பலனிழக்கும்போது, ஏறக்குறைய பாதிப் பேருக்கு இ.ஜி.எஃப்.ஆர்.-இலேயே டி790எம் என்ற புதிய பிறழ்வு வந்திருக்கும். அதற்கு ஓசிமெர்டினிப் என்ற மாத்திரை உண்டு. வேறு சிலருக்கு மெட் மரபணுவின் நகல்கள் பெருகியிருக்கும். ஒரு சிறு பகுதியினருக்கு, அடினோகார்சினோமா தன் வெளிப்பாட்டையே மாற்றிக்கொண்டு சிறுசெல் வகையாக உருமாறியிருக்கும். அப்போது சிகிச்சை முழுவதும் வேறு. டி790எம் போன்ற பிறழ்வை ரத்தத்தில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ.விலிருந்தே பல சமயம் கண்டுபிடித்துவிடலாம். சிறுசெல்லாக உருமாறியதை உறுதிசெய்ய, செல்லைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

வேறு மருத்துவமனைக்கு மாறுவதாக இருந்தால், ரிப்போர்ட்டோடு முதல் பயாப்ஸியின் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுத் துண்டையும் (பிளாக்) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். விட்டுப்போன பரிசோதனை ஏதாவது இருந்தால், பெரும்பாலும் அதிலிருந்தே செய்துவிட முடியும். மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்காது.